முறுக்குக்கும் ஒரு பதிவு எண்

நிகழ்ச்சியில் நேரடியாகப் பேசத் தயங்குகிறவர்கள், பாட்டு ஓடும் நேரம் பார்த்து அழைப்பார்கள். அந்த அக்காவும் அப்படித்தான் அழைத்தார்.

“தம்பி, நான் பாட்டு கேட்கக் கூப்பிடல. ஒரு சந்தேகம். முறுக்கு விக்கிறதுக்கும் எஸ்எஸ்எம் வேணுமா?”

ரந்தாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறார். வீட்டுக்காரர் அங்கேயே டிராக்டர் ஓட்டுகிறார். அக்காவுக்குக் காலையில் நர்சரி வேலை, மாலையில் முறுக்குப் பிழியும் வேலை. முதலில் பக்கத்து வீடுகளுக்கு விற்றார். பிறகு கோயில் திருவிழாவுக்கு, பிறகு தீபாவளி ஆர்டருக்கு என்று வளர்ந்தது. இப்போது சிரம்பானில் ஒரு மளிகைக் கடைக்காரர் வாரம் நூறு போத்தல் கேட்கிறார். ஆனால் கடைப் பெயரில் ரசீது வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும், எஸ்எஸ்எம் எண் வேண்டும் என்கிறார்.

“நான் என்ன கம்பெனியா நடத்துறேன்? நாலு போத்தல் முறுக்குதானே?” என்றார் அக்கா.

இந்தக் கேள்வி அவருடையது மட்டுமில்லை. தோட்டத்தில் வீட்டிலிருந்தபடியே தையல் தைக்கிறவர், பூ கட்டுகிறவர், கேக் செய்கிறவர், சனிக்கிழமை பாசார் மாலாமில் கடை போடுகிறவர் என்று பலரும் இதைக் கேட்டிருக்கிறார்கள். கைப்பேசியில் உடைகள் விற்கும் நம் பட்டதாரிப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். அதனால் இந்த வாரம் எஸ்எஸ்எம் பற்றிப் பேசலாம். அக்காவின் கதையில் ஒரு திருப்பம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எஸ்எஸ்எம் என்பது யார்?

சுருஹான்ஜெயா ஷரிக்காட் மலேசியா, அதாவது மலேசிய நிறுவனங்கள் ஆணையம். முன்பு கம்பெனிகளைப் பதிய ஒரு அலுவலகம், சிறு வணிகங்களைப் பதிய இன்னொரு அலுவலகம் என்று இரண்டு இருந்தன. 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவை இரண்டையும் ஒன்றாக்கி, 2002 ஏப்ரல் 16ஆம் தேதி இந்த ஆணையத்தைத் தொடங்கினார்கள். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழ் இது இயங்குகிறது. தலைமையகம் கோலாலம்பூர் சென்ட்ரலில். நெகிரி செம்பிலான்காரர்களுக்குச் சிரம்பானில் அலுவலகம் இருக்கிறது.

இதன் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், நாட்டின் வியாபாரங்களுக்கான பிறப்புப் பதிவேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வியாபாரம், எந்தப் பெயரில், எந்த முகவரியில், யாருக்குச் சொந்தமாக, எந்தத் தேதியிலிருந்து நடக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். யார் வேண்டுமானாலும் சிறு கட்டணம் கட்டி அதைப் பார்க்கலாம். பதிவு செய்யாமல் வியாபாரம் செய்கிறவர்கள் மீதும், கம்பெனி நடத்திக்கொண்டு ஆண்டுக் கணக்கைத் தராதவர்கள் மீதும் நடவடிக்கை எடுக்கும் அதிகாரமும் இந்த ஆணையத்துக்கு உண்டு.

இனி அக்காவின் கேள்விக்கு வருவோம். 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டம் தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் பொருந்தும். லாபம் கருதிச் செய்யும் வாணிபம், கைத்தொழில், சேவை எல்லாமே அதன் பார்வையில் வணிகம்தான். தொடங்கிய 30 நாள்களுக்குள் பதிய வேண்டும். பதியாமல் நடத்துவது குற்றம். அதற்கு 50,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமிருக்கிறது.

பயந்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டுக்குப் பத்து முறுக்கு கொடுத்ததற்காக யாரும் கதவைத் தட்டப் போவதில்லை. ஆனால் வாரம் நூறு போத்தல் கடைக்குப் போகிறது என்றால் அது வியாபாரம். பதிந்துவிடுவதுதான் சரி.

செலவு எவ்வளவு?

தனிநபர் வணிகத்தை இரண்டு விதமாகப் பதியலாம். அடையாள அட்டையில் உள்ள உங்கள் சொந்தப் பெயரிலேயே நடத்தினால் ஆண்டுக்கு 30 வெள்ளி. ‘அன்னம் முறுக்கு எண்டர்பிரைஸ்’ போல ஒரு வணிகப் பெயர் வைத்தால் ஆண்டுக்கு 60 வெள்ளி. கிளை ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 5 வெள்ளி. ஒரே தடவையில் ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை பதிந்துகொள்ளலாம். வணிகப் பெயருக்குக்கூட மாதக் கணக்குப் பார்த்தால் 5 வெள்ளிதான். ஒரு போத்தல் முறுக்கின் விலைகூட இல்லை.

பதிகிறவர் மலேசியக் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். முகப்பிடத்துக்கு நேரில் போகலாம், ‘இஸிபிஸ்’ என்ற இணையச் சேவையிலும் செய்யலாம். கட்டணம் இவ்வளவுதான் என்று தெரியாததால் ஏஜெண்டிடம் இருநூறு, முந்நூறு கொடுத்துவிட்டு வருகிறவர்களைப் பற்றி நிகழ்ச்சியில் பல முறை கேட்டிருக்கிறேன். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்து நீங்களே செய்துவிடலாம். சில காலங்களில் மாணவர்களுக்கும் குறைந்த வருமானத்தினருக்கும் கட்டண விலக்குத் திட்டங்கள் வருவதுண்டு. போகும்போது அதையும் கேட்டுப் பாருங்கள்.

தோட்டத்து மக்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பதிவில் வணிக முகவரி கேட்பார்கள். நாம் இருக்கும் வீடு தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமானது. எஸ்எஸ்எம்மில் முகவரியை எழுதிவிட்டதால் அந்த வீட்டில் தொழில் நடத்தும் உரிமை வந்துவிடாது. முதலில் மானேஜரிடமோ கிராணியிடமோ பேசி, முடிந்தால் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டைக் காலி செய்ய வேண்டிய நாள் வந்தால், முகவரி மாற்றத்தை 30 நாள்களுக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

இன்னொன்றையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். எஸ்எஸ்எம் சான்றிதழ் என்பது லைசென்ஸ் இல்லை. லைசென்ஸ் கொடுப்பது ஊராட்சி மன்றம். நீங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்து அது சிரம்பான் மாநகர் மன்றமாக இருக்கலாம், போர்ட்டிக்சன், ஜெம்போல், ரெம்பாவ், தம்பின் மன்றங்களாக இருக்கலாம். உணவுத் தொழில் என்றால், 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி உணவைக் கையாளுபவர் பயிற்சிக்குப் போக வேண்டும், டைஃபாய்டு தடுப்பூசியும் போட வேண்டும். பெயரைப் பதிவது ஒரு படி. மற்றவற்றையும் ஏறத்தான் வேண்டும்.

இத்தனையும் எதற்கு என்று கேட்கலாம். கடைப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கச் சான்றிதழ் வேண்டும். பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக்கோ பேரங்காடிக்கோ சரக்குக் கொடுக்க வேண்டுமென்றால் அவர்களும் கேட்பார்கள். தெக்குன் நேஷனலின் இந்திய சமூகத் தொழில்முனைவர் திட்டமான ‘ஸ்பூமி’ போன்ற கடனுதவிகளுக்கும் அடிப்படை ஆவணம் இதுதான். உதவித் திட்டம் அறிவிக்கப்பட்ட பிறகு பதிய ஓடுகிறவர்கள் நம்மில் அதிகம். வியாபாரம் ஓராண்டாவது நடந்திருக்க வேண்டும் என்று விண்ணப்பத்தில் கேட்டால், நேற்றுப் பதிந்தவர் என்ன செய்வார்?

எண்ணை வாசிக்கத் தெரியுமா?

2019 அக்டோபர் 11 முதல் எல்லாப் பதிவுகளுக்கும் 12 இலக்க எண் வந்தது. அதை வாசிக்கத் தெரிந்தால் பாதி ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம். முதல் நான்கு இலக்கம் பதிவான ஆண்டு. அடுத்த இரண்டு, எந்த வகை என்பதைச் சொல்லும். 01 என்றால் உள்நாட்டுக் கம்பெனி. 02 என்றால் வெளிநாட்டுக் கம்பெனி. 03 என்றால் தனிநபர் வணிகம் அல்லது கூட்டு வணிகம். கடைசி ஆறு இலக்கம் வரிசை எண்.

பெட்ரோனாஸ் எண் 197401 என்று தொடங்கும். 1974இல் பதிவான உள்நாட்டுக் கம்பெனி என்று பார்த்தவுடன் புரிந்துவிடும். “நாங்கள் இருபது வருட அனுபவமுள்ள செண்டிரியான் பெர்ஹாட் நிறுவனம்” என்று ஒருவர் அட்டையை நீட்டுகிறார், அதில் உள்ள எண்ணோ போன வருடத்தில் தொடங்கி அடுத்து 03 என்று இருக்கிறது என்றால், அவர் கம்பெனியும் இல்லை, அந்தப் பதிவுக்கு இருபது வயதும் இல்லை. வீடு புதுப்பிக்க, திருமண மண்டப அலங்காரத்துக்கு, பிள்ளையின் படிப்பு ஏஜெண்டுக்கு என்று முன்பணம் கொடுக்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

பதிவு இருந்தால் மட்டும் ஆள் நல்லவர் என்று ஆகிவிடுமா? இல்லை. இங்கேதான் நம் தோட்டங்களில் பணம் போகிறது. 55 வயதில் ஊழியர் சேமநிதியை எடுத்தவர்கள், தோட்டம் மேம்பாட்டுக்குப் போய் இழப்பீடு வாங்கியவர்கள் இருக்கும் இடத்துக்கு ஒரு கூட்டம் வரும். கையில் கோப்பு, கோப்பில் எஸ்எஸ்எம் சான்றிதழ். “அரசாங்கத்தில் பதிந்த கம்பெனி. மாதம் பத்து விழுக்காடு லாபம்.” சான்றிதழ் உண்மையானதாகவே இருக்கலாம். 60 வெள்ளி கட்டினால் யாருக்கும் கிடைக்கும் காகிதம் அது.

பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்க பேங்க் நெகாராவின் அனுமதி வேண்டும். முதலீட்டு ஆலோசனை, நிதி நிர்வாகம் என்றால் பங்கு ஆணையத்தின் உரிமம் வேண்டும். இந்த இரண்டு அமைப்புகளும் அனுமதியில்லாத பெயர்களின் எச்சரிக்கைப் பட்டியலை வெளியிடுகின்றன. செம்பனை நிலத்தில் துண்டு துண்டாகப் பங்கு போடச் சொல்லும் திட்டங்கள் எஸ்எஸ்எம்மிடமே வரும். ஆனால் அதற்கு 2016ஆம் ஆண்டு பங்குரிமைத் திட்டங்கள் சட்டத்தின் கீழ் திட்டமே தனியாகப் பதிவாகியிருக்க வேண்டும். ‘கம்பெனி பதிந்திருக்கிறது’ என்பதும் ‘திட்டம் பதிந்திருக்கிறது’ என்பதும் இரண்டு வேறு விஷயங்கள். கோப்பைக் காட்டுகிறவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அவர் பேச்சு தடுமாறினால் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அக்கா பெயரில் ஒரு லாரி

இப்போது திருப்பத்துக்கு வருகிறேன்.

நான் சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டு, ஓய்வு நாள் ஒன்றில் மகளைக் கூட்டிக்கொண்டு அக்கா சிரம்பானுக்குப் போனார். மதியம் மகளிடமிருந்து எனக்கு வாட்ஸ்அப் வந்தது.

“அண்ணே, அம்மா பேர்ல ஏற்கெனவே ஒரு வியாபாரம் இருக்காம். லாரி டிரான்ஸ்போர்ட்.”

அக்காவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு நினைவு வந்தது. நான்கு வருடங்களுக்கு முன் தங்கையின் வீட்டுக்காரர் ஒரு தாளை நீட்டியிருக்கிறார். “அக்கா, பார்ட்னர் ஒரு ஆளு வேணுமாம். சும்மா பேருக்குத்தான். ஐசி நகலும் ஒரு கையெழுத்தும் போதும்.” குடும்பத்துப் பிள்ளை முன்னுக்கு வரட்டும் என்று அக்கா போட்டுக் கொடுத்தார். அதன் பிறகு அந்த லாரி எங்கே ஓடியது, என்ன சம்பாதித்தது என்று அவருக்குத் தெரியாது. ஒரு வெள்ளி லாபம் வந்ததில்லை.

மாலையில் அவரே அழைத்தார். “தம்பி, பேர் இருந்தா என்ன ஆகும்?”

சொல்ல வேண்டியதாயிற்று. சட்டத்தின் முன் ‘சும்மா பேருக்கு’ என்று ஒரு பங்காளி கிடையாது. 1961ஆம் ஆண்டு பங்காண்மைச் சட்டத்தின்படி, அவர் பங்காளியாக இருக்கும் காலத்தில் வணிகத்துக்கு ஏறும் கடனுக்கு எல்லாப் பங்காளிகளும் கூட்டாகப் பொறுப்பு. கடன் கொடுத்தவர் யாரிடம் பணம் இருக்கிறது என்று பார்த்து அவரைத் துரத்தலாம். தனிநபர் வணிகமானாலும் கூட்டு வணிகமானாலும், வியாபாரத்தின் கடன் வேறு வீட்டின் பணம் வேறு என்று பிரித்துக் காட்டும் சுவர் கிடையாது. அந்தச் சுவர் கம்பெனிக்கும் வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டாண்மைக்கும் மட்டும்தான் உண்டு. அவற்றுக்குச் செலவும் அதிகம். கம்பெனி பதிய 1,000 வெள்ளி, அந்தக் கூட்டாண்மைக்கு 500 வெள்ளி. கம்பெனிக்குச் செயலாளர் வைக்க வேண்டும், ஆண்டுதோறும் அறிக்கையும் கணக்கும் தர வேண்டும்.

விலகினால்? விலகிய 30 நாள்களுக்குள் பதிவேட்டில் மாற்ற வேண்டும். மாற்றாத வரை, வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அவர் பங்காளிதான். விலகுவதற்கு முன் ஏறிய கடனோ, விலகியதால் மட்டும் போய்விடாது.

அக்கா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “என் தங்கச்சி வீட்டுக்காரர் தம்பி. எப்படிப் போய்க் கேட்கிறது?”

சட்டத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. ஆனால் நம் வீடுகளில் இதுதான் முதல் கேள்வி. தோட்டத்தில் எல்லாரும் ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்று வளர்ந்தவர்கள். கடையில் பற்று எழுதவும், மோட்டார்சைக்கிள் கடனுக்கும், பிள்ளையின் கல்விக் கடனுக்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். கேட்டால் மறுப்பது பாவம் என்று வளர்ந்திருக்கிறோம். அந்த நல்ல மனசைத்தான் வெளியாட்களும் குறி வைக்கிறார்கள்.

வெளியாட்கள் என்று ஏன் சொல்கிறேன்? தனிநபர் வணிகமும் கூட்டு வணிகமும் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே பதியக்கூடியவை. கம்பெனிக்கும் மலேசியாவில் வசிக்கும் இயக்குநர் ஒருவராவது இருக்க வேண்டும். அப்படியானால் அந்தத் தகுதி இல்லாதவருக்கும், திவாலானவருக்கும், மோசடிப் பணத்தை நகர்த்த நினைப்பவருக்கும் ஓர் உள்ளூர்ப் பெயர் தேவைப்படுகிறது. “மாதம் முந்நூறு வெள்ளி தருகிறோம். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். ஐசியும் கையெழுத்தும் போதும்” என்று வருவார்கள். வேலை தேடும் இளைஞர்களிடமும் இதே பேச்சுதான். ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லிப் பணம் கொடுக்கிறார்கள் என்றால், விற்கப்படுவது உங்கள் பெயர்தான். இயக்குநராகக் கையெழுத்திட்டவருக்கு, கம்பெனி கணக்குத் தராவிட்டாலும் வேறு தவறு செய்தாலும் விசாரணைக் கடிதம் வரும். 2024 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த கம்பெனிச் சட்டத் திருத்தத்தின்படி, கம்பெனிக்குப் பின்னால் உண்மையில் பலனடைபவர் யார் என்பதையும் ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். மறைந்திருந்து நடத்துவது முன்னைவிடக் கடினமாகியிருக்கிறது. ஆனால் மாட்டும் நாளில் முதலில் கிடைப்பது முன்னால் நிற்கும் பெயர்தான்.

நம் தோட்டம் யாருடையது?

பதிவேடு என்பது நமக்குச் சம்பந்தமில்லாத காகிதம் என்று நினைப்பவர்களுக்கு நம் தோட்ட வரலாற்றிலிருந்தே ஓர் உதாரணம்.

1981 செப்டம்பர் 7 காலை, லண்டன் பங்குச் சந்தை திறந்த சில மணி நேரத்துக்குள், பெர்மோடாலான் நேஷனல் பெர்ஹாட் கத்ரி நிறுவனத்தின் பாதிக்கும் மேற்பட்ட பங்குகளைக் கையில் கொண்டுவந்துவிட்டது. ‘விடியற்காலைத் தாக்குதல்’ என்று இன்றும் பேசப்படும் சம்பவம் அது. 1821இல் சிங்கப்பூரில் தொடங்கிய பிரிட்டிஷ் நிறுவனம். சிரம்பானில் செமாரா ஆராய்ச்சி நிலையம் வைத்திருந்தது, சுமார் இரண்டு லட்சம் ஏக்கர் தோட்டம் அதன் கையில் இருந்தது. அத்தனையும் ஒரே காலையில் மலேசியர் கைக்கு வந்தது. அன்று அந்தத் தோட்டங்களில் மரம் வெட்டிப் பால் எடுத்த நம் தாத்தா பாட்டிகளுக்கு வழக்கம்போலப் பெரட்டு, வழக்கம்போல வேலை. முதலாளி மாறியது லண்டனில் இருந்த ஒரு பங்குதாரர் பதிவேட்டில்.

2007 நவம்பரில் கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி மூன்றும் இணைந்தன. தோட்டப் பிரிவு 2017இல் சைம் டார்பி பிளாண்டேஷன் என்று தனியாகப் பங்குச் சந்தைக்கு வந்தது. 2024இல் பெயரை எஸ்டி கத்ரி என்று மாற்றிக்கொண்டது. தோட்டத்து முகப்பில் பலகை மாறிக்கொண்டே இருக்கும். உங்கள் சம்பளச் சீட்டில் இருக்கும் பெயர் எது, அந்தக் கம்பெனி இன்று யாருடையது என்பதைப் பதிவேடு மட்டும்தான் சரியாகச் சொல்லும்.

இது வெறும் பொது அறிவு இல்லை. தோட்டம் கைமாறும்போது, வேலைச் சட்டத்தின் கீழ் 1980இல் வந்த பணிநீக்கப் பலன் விதிமுறைகளின்படி, புதிய உரிமையாளர் ஏழு நாள்களுக்குள் முன்பிருந்ததற்குக் குறையாத நிபந்தனைகளில் வேலையைத் தொடரச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பலன் தரும் பொறுப்பு பழைய முதலாளிக்கும் புதிய உரிமையாளருக்கும் கூட்டாக உண்டு. ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 20 நாள் சம்பளம். குத்தகையாளர் சம்பளம் தராமல் போனாலும் தொழிலாளர் இலாகாவுக்குத்தான் போக வேண்டும். அங்கே யார் மீது புகார் என்ற கேள்வி வரும். “அந்தச் சீனத் தவுக்கே”, “வெள்ளை லாரி வச்சிருக்கிறவரு” என்று சொன்னால் வேலைக்கு ஆகாது. பதிவான பெயர், எண், முகவரி வேண்டும். வணிகத் தகவல் பிரதி ஒன்றுக்கு 10 வெள்ளி. கம்பெனி என்றால் இயக்குநர்கள், பங்குதாரர்கள், சொத்து அடகில் இருக்கிறதா என்பதுவரை விவரம் வாங்கலாம்.

எல்லாக் கதவும் எஸ்எஸ்எம் கதவு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். துன் வீ.தி.சம்பந்தன், துண்டாடப்பட்ட தோட்டங்களைப் பார்த்து, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து 1960இல் உருவாக்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் போன்றவை மலேசியக் கூட்டுறவு ஆணையத்தின் பார்வையில் வரும். தோட்டத்துக் கோயில் நிர்வாகமும் இளைஞர் மன்றமும் சங்கப் பதிவிலாகாவுக்குப் போக வேண்டும். உங்கள் முறுக்கின் பெயரையும் சின்னத்தையும் வேறு யாரும் எடுக்காமல் காக்க வேண்டுமானால், மைப்போ என்ற அறிவுசார் சொத்துக் கழகத்தில் வணிகச் சின்னமாகப் பதிய வேண்டும். எஸ்எஸ்எம்மில் பதிந்த பெயர் அந்தப் பாதுகாப்பைத் தராது.

பிறகு என்ன ஆனது?

அக்கா இரண்டு வாரம் தூங்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போனார். சண்டை போடவில்லை. “எனக்கு முறுக்குக் கடை பதியணும் தம்பி. என் பேரை உங்க லாரியிலிருந்து எடுத்துக் கொடுங்க” என்று கேட்டிருக்கிறார். தங்கை கணவர் முதலில் முகத்தைச் சுருக்கினாராம். தங்கைதான் பேசினார். “அக்கா பேர்ல கடன் வந்தா நீங்க கட்டுவீங்களா?” என்று அவர் கேட்டதும் பேச்சு முடிந்தது.

அடுத்த வாரம் இருவரும் சிரம்பானுக்குப் போய்ப் பதிவை மாற்றினார்கள். அதற்கு முன் அக்காவின் மகள் ஒரு புத்திசாலித்தனம் செய்தார். நான்கு வருடத்தில் லாரிக்கு என்னென்ன கடன் பாக்கி இருக்கிறது என்று சித்தப்பாவையே எழுதித் தரச் சொன்னார். டீசல் கடையில் கொஞ்சம், டயர் கடையில் கொஞ்சம். பெரிய தொகை இல்லை. மாதாமாதம் கட்டுவதாக ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அது கட்டி முடியும் வரை அக்காவுக்கு முழு நிம்மதி இல்லை என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு, யாருக்கு என்று இப்போது தெரியும்.

எல்லாருக்கும் இவ்வளவு எளிதாக முடியாது. அதனால் இந்த வாரம் மூன்று வேலை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில், உங்கள் பெற்றோர் பெயரில் ஏதாவது வணிகம் பதிவாகியிருக்கிறதா என்று எஸ்எஸ்எம் முகப்பிடத்திலோ இணையத்திலோ விசாரியுங்கள். நடத்தாத வணிகம் இருந்தால் நிறுத்திவிட்டதை முறையாகத் தெரிவியுங்கள். காலாவதியாகட்டும் என்று விட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே ஐசி நகல் கேட்டு யாராவது வந்திருந்தால், எதற்கு என்று நகலின் மேலேயே குறுக்காக எழுதிக் கொடுங்கள்.

பட்டணத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது அம்மாவின் முறுக்கைப் படம் எடுத்துப் போடுகிறீர்கள், நல்லது. அப்படியே அரை மணி நேரம் ஒதுக்கி அம்மாவின் வியாபாரத்தைப் பதிந்து கொடுங்கள். நாம் படித்த படிப்பு அந்த அரை மணி நேரத்துக்காவது உதவட்டும்.

போன வாரம் நிலையத்துக்கு ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே இரண்டு போத்தல் முறுக்கு. மூடியில் ஒட்டியிருந்த தாளில் கடைப் பெயர், அதன் கீழே சின்ன எழுத்தில் 12 இலக்கம். ஐந்தாவது, ஆறாவது இலக்கத்தைப் பார்த்தேன். 03. அக்காவை அழைத்து, முறுக்கில் எள் கொஞ்சம் தூக்கல் என்று சொன்னேன்.

“அது அப்படித்தான் தம்பி, எங்க அம்மா பழக்கம். பிடிக்கலன்னா அடுத்த ஆர்டர்ல குறைச்சுக்கலாம். ஆனா அடுத்த போத்தலுக்குக் காசு” என்றார்.